ஆய்வு அணு உலைக்கான ஆளணி: பயிற்சியை ஊவாவிலும் தொடங்கக் கோரும் மனு

பெறுநர்: வலுசக்தி, கல்வி அமைச்சுகளின் செயலாளர்கள், தலைவர், இலங்கை அணுசக்தி சபை, செயலாளர், ஊவா மாகாணக் கல்வி அமைச்சு

அனுப்புநர்: பதுளை மாவட்டத் தோட்டப்புறப் பெற்றோர், விஞ்ஞான ஆசிரியர் சங்கம்

ஓர் ஆய்வு அணு உலைக்கு இயக்குநர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், உலைப் பௌதிகவியலாளர், பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர் ஆகியோர் இன்றியமையாதவர்கள். இயக்குநரின் அனுமதிப்பத்திரம் பொதுவாகக் குறிப்பிட்ட ஓர் உலைக்கே செல்லும்; வேறிடத்தில் பல்லாண்டு பழகியவரும் புதிய உலையைக் கற்றுப் பரீட்சையில் தேற வேண்டும். எனவே ஓய்வுபெறுபவரின் வெற்றிடத்தை வர்த்தமானி அறிவித்தல் ஒன்றால் நிரப்பிவிட முடியாது. உலகில் இயங்கும் ஆய்வு உலைகளில் பாதிக்கு மேற்பட்டவை 40 ஆண்டுகளைத் தாண்டியவை. அவற்றின் குழாய்களையும் கம்பிகளையும் கையால் அறிந்தவர்கள் விலகும்போது, வரைபடத்தில் ஏறாத அறிவும் உடன் போகிறது.

இந்தியாவின் அப்சரா உலை 1956 ஆகஸ்டில் இயங்கியது. மறு ஆண்டே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இலங்கையும் 1957 முதல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உறுப்பு நாடு. ஆனால் இங்கு இன்னும் உலை இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60, ஸ்கேன் பரிசோதனைக்கான மொலிப்டினம்-99 போன்ற உலை விளைபொருள்கள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் மேம்பாட்டையும் ஒழுங்குபடுத்தலையும் இரு நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்தது. அது சரியான ஏற்பாடே. எனினும் உலை ஒன்று வந்தால், கண்காணிப்பவரை இயக்குபவரிடமிருந்து இரவல் வாங்க முடியாது. விரல்விட்டு எண்ணத்தக்க பட்டதாரிகளுக்கு இரு நிறுவனங்களும் போட்டியிட நேரும்.

ஆட்களைத் தேடும் இடம் கொழும்பாக மட்டும் இருப்பது நியாயமன்று. பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களில் உயர்தரக் கணிதப் பிரிவை விரும்பும் பிள்ளைகள் பலர் லயத்திலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ செல்ல வேண்டியுள்ளது. பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் கிடைப்பதும் அரிது. இதனால் திறமையிருந்தும் கலைப்பிரிவுக்குத் திரும்புவோர் உளர். பதினாறு வயதில் மூடும் இந்தக் கதவைப் பின்னர் எந்தப் புலமைப்பரிசிலும் திறப்பதில்லை.

ஆகவே இப்பாடங்களின் ஆசிரிய வெற்றிடங்களை முதலில் நிரப்புமாறும், பதுளை, பண்டாரவளைப் பாடசாலைகளில் தோட்டப் பிள்ளைகளுக்கு விடுதி வசதி அளிக்குமாறும் சங்கம் கோருகிறது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு, அளவீட்டுக் கருவியியல் கற்கைகளை அணுசக்தி சபையின் துணையுடன் ஆரம்பிக்கலாம். பட்டம் பெறாதோருக்கும் இடமுண்டு: உலோக ஒட்டு வேலையும் அழிவுறாச் சோதனையும் தொழிற்பயிற்சியாகத் தமிழிலும் கற்பிக்கப்பட வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்குச் செல்வோரைப் பிணைமுறி மட்டும் திரும்பக் கொண்டுவராது. திரும்பும் நாளில் அவருக்குரிய பதவியும் சம்பளத் திட்டமும் ஆளணியில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். முதற்படியாக, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஆசிரிய வெற்றிடங்களின் பாடவாரிப் பட்டியலை வெளியிட்டு, நியமனத் திகதியை எழுத்தில் அறிவிக்குமாறு அதிகாரிகளிடம் சங்கம் கேட்டுக்கொள்கிறது.