டாக்டருக்கும் நோய் வரும்!

சுந்தரபாண்டியத்துத் தறிக்காரர் குடித்தால் ‘குடிகாரன்’ என்று ஏசுகிறது ஊர். ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளி மனம் கலங்கினால் ‘பைத்தியம்’ என்று ஒதுக்குகிறது. டாக்டருக்கே போதையும் மனநோயும் சேர்ந்து வந்தால்? வாயை மூடிக்கொள்கிறது! அந்த மௌனத்துக்குள் டாக்டர் வெந்து சாகிறார். அவரை நம்பிப் படுத்திருக்கும் நோயாளியின் உயிரும் ஊசலாடுகிறது.

முன்வினை என்பார்கள் பழைமை விரும்பிகள். வினையுமில்லை, விதியுமில்லை! உறங்காத இரவு, சாவை நேரில் காணும் பகல், கைக்கெட்டும் இடத்திலே மருந்து அலமாரி — இவைதான் காரணங்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. மருத்துவ மாணவர் மனநலம் பற்றி ஆராய்ந்த தேசியப் பணிக்குழுவோ, மேற்படிப்பு மாணவருக்கு 74 மணிக்கு மேல் வேலை தராதீர் என்று 2024இல் பரிந்துரைக்கிறது. எழுபத்து நான்கையே சலுகையாகக் கேட்கும் நிலை! தங்களுக்கு மனநோய் கண்டறியப்பட்டிருப்பதாக அக்குழுவிடம் கூறிய எம்.பி.பி.எஸ். மாணவர்கள், விடையளித்தோரில் 27.8 விழுக்காடு.

“போதை டாக்டரை விரட்டுங்கள்” என்கிறார்கள் சிலர். நடுங்கும் கையிலே கத்தி கூடாது. அதை நாமும் வலியுறுத்துகிறோம். ஆனால், விரட்டுவார்கள் என்று அஞ்சுகிறவர் நோயைச் சொல்வாரா, மறைப்பாரா?

அமெரிக்காவிலே வேறு வழி கண்டார்கள். முதலில் வேலையிலிருந்து விலக்கு, பிறகு சிகிச்சை, தேறியதும் கண்காணிப்போடு மீண்டும் வேலை, சிறுநீர்ச் சோதனையும் தொடரும். அப்படிப்பட்ட 904 டாக்டர்களைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. நிலை தெரிந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர், ஐந்தாண்டு கழித்து உரிமத்தோடு பணியில் இருந்தனர்! குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரே, குடியிலிருந்து மீண்ட பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர்தான்.

இரண்டு நோய்க்கும் ஒருசேர மருந்து வேண்டும். போதையை நிறுத்திவிட்டு மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால், சோர்வு மீண்டும் புட்டியைத் தேடும். மது, போதைப் பழக்கத்தோடு பிணைந்த மனநிலைகளையும் மனநோய் என்றே ஏற்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆகவே இது தண்டனைக்குரிய குற்றமல்ல, சிகிச்சைக்குரிய உரிமை!

2022 டிசம்பரில் தி.மு.க. அரசு தொடங்கிய ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றம், மருத்துவ மாணவர்களுக்குத் துணை நின்றது. நல்ல தொடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்திலே தனியாளாக அல்லாடும் டாக்டருக்கும் அந்தத் துணை நீளட்டும். மானம் காக்கும் சிகிச்சை, நோயாளியைக் காக்கும் கண்காணிப்பு, வேலைக்குத் திரும்பும் வழி — மூன்றையும் விதியாக்கட்டும் மருத்துவ மன்றம்.

“டாக்டருக்கு இத்தனை சலுகையா?” என்று கேட்காதீர்கள், தோழர்களே. “எங்களுக்கும் அதுவே வேண்டும்” என்று கேளுங்கள்! சிகிச்சைக்கு விடுப்பு, திரும்பி வந்தால் வேலை — தறிக்காரருக்கும் உண்டு, டாக்டருக்கும் உண்டு என்பதே சமநீதி. சத்திரப்பட்டித் தறியிலே நம்மவர் நெய்யும் பேண்டேஜ் துணி, புண் யாருடையது என்று பார்த்தா கட்டுகிறது?