கவலைப்படாதே என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் ஊறிப்போன வழக்கம். வரும் ஆண்டுக்குக் கடவுள் தமக்கென்றே தந்த சொல் அது என்று நம்பி, அட்டையை வேதாகமத்துக்குள் பத்திரப்படுத்துகிறார்கள். உத்திரமேரூர் வட்டத்தில் மானாம்பதியைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த அட்டையை எடுக்கும் கை நாற்று நட்ட கையாக இருக்கும், அல்லது மாங்கால் சிப்காட்டில் ஷிப்டு முடித்து வந்த கையாக இருக்கும். ஏரித் தண்ணீர் நவரைப் பயிருக்குத் தாங்குமா, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனைவதற்குள் எடை போடுவார்களா, இந்த வாரக் குழுக் கடன் தவணைக்கு என்ன செய்வது, ஒப்பந்த வேலை அடுத்த மாதமும் இருக்குமா என்ற கேள்விகள் அந்தக் கையோடு சேர்ந்தே வருகின்றன. அத்தனைக்கும் "கவலைப்படாதே" என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் போதுமா? போதாது என்பதே என் வாதம். கடவுளை நம்புவது கிறிஸ்தவ வாழ்வின் அடித்தளம். அந்த நம்பிக்கை, தனிமனிதர் தம் மனதைத் தாமே அடக்கிக்கொள்ளும் பயிற்சியாகச் சுருங்கினால் அதன் உயிர் போய்விடும். கவலைப்படாதே என்று சொல்லும் உரிமை, அந்தக் கவலையில் பங்கெடுப்பவருக்கே உண்டு.

வேதாகமமே இதற்கு முதல் சாட்சி. நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இயேசு பேசுவது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில். அதற்குச் சற்று முன்புதான், கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்று அவர் எச்சரிக்கிறார். பேச்சின் முடிவில், கடவுளின் ஆட்சியையும் அவருடைய நீதியையும் முதலில் தேடச் சொல்கிறார். இடையில் வரும் ஆறுதலை மட்டும் கத்தரித்து எடுத்து அட்டையில் அச்சிடும்போது, முன்னால் இருக்கும் எச்சரிக்கையும் பின்னால் இருக்கும் கடமையும் கண்ணில் படாமல் போகின்றன. அன்று கேட்டவர்கள் வரிச்சுமையில் வாடிய கலிலேயா நாட்டு மீனவர்களும் உழவர்களும். கூலிக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று சந்தைவெளியில் காத்து நிற்பவர்களை வைத்தே இயேசு ஓர் உவமை சொன்னார். நாளைக்கு அடுப்பெரியுமா என்ற கேள்வியின் கனம் அவருக்குத் தெரியும். அதை அவர் அற்பமாக நினைக்கவில்லை. நீதியைத் தேடும் ஒரு சமூகத்தின் நடுவில் அந்தக் கேள்வியை இறக்கி வைத்தார்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. சிறையிலிருந்து எழுதிய அக்கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில், எதற்கும் கவலைப்படாமல் வேண்டுதலைக் கடவுளிடம் தெரிவிக்கும்படி அவர் சொல்கிறார். அதே அதிகாரத்தில், தம் துன்பத்தில் பங்கெடுத்து எப்பாப்பிரோதீத்து வழியாக உதவி அனுப்பிய அந்தச் சபைக்கு மனமார நன்றி கூறுகிறார். முதல் பகுதியை மனப்பாடமாகச் சொல்லும் பலர் இரண்டாம் பகுதியைக் கவனிப்பதில்லை. எருசலேமின் முதல் சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் விதவைகள் சிலர் விடுபட்டபோது, விசுவாசமாயிருங்கள் என்று சொல்லி அப்போஸ்தலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரை நியமிக்க ஏற்பாடு செய்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம். ஜெபமும் பங்கீடும் ஒரே விசுவாசத்தின் இரண்டு கைகள் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள்.

உத்திரமேரூர் மண்ணுக்கு இந்த உண்மை புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக நாடே அறியும். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். யார் பெயர் வரும் என்பது எவர் கையிலும் இல்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது என்ற விதியோ மனிதர் கையில் இருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். வடகிழக்குப் பருவமழையைத் தருவது வானம். கரையை உயர்த்துவதும் மதகைப் பார்ப்பதும் தூர் வாருவதும் ஊரார் வேலை. மழை வருமா என்று இரவெல்லாம் விழித்திருப்பதால் ஒரு துளி கூடப் பெய்யாது. மழை வரும் என்று நம்பிக் கரையைக் கவனிக்காமல் விட்டால் பெய்த மழையும் நிற்காது. கடவுளை நம்புவதும் இப்படித்தான். நம் கையில் இல்லாததை அவரிடம் ஒப்படைப்பது, நம் கையில் இருப்பதை நேர்மையாகச் செய்வது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும்.

இப்பகுதியின் கிறிஸ்தவ வரலாறும் அதற்குச் சான்று தருகிறது. உத்திரமேரூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1891-இல் அம்மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர், பறையர் சமூகத்தின் நிலை குறித்துச் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். கடனால் கட்டுண்ட படியாட்கள், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத குடும்பங்கள், தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரருக்கே முன்னுரிமை தரும் விதிகள் என்று அந்த அறிக்கை அடுக்கிக்கொண்டே போகிறது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, அந்த மக்கள் நிலம் பெறுவதற்காக எழுதினார், வாதாடினார். சிங்கப்பெருமாள் கோவில் அருகேயுள்ள மெல்ரோசாபுரம் அவர் முயற்சியில் உருவான குடியிருப்பு. 1892-இல் வந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவைதான் இன்று பஞ்சமி நிலங்கள் என்று நாம் அறிபவை. மிஷனரிகள் எல்லோரும் ஒரே மனதோடு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆத்துமா முதலில், நிலம் பிறகு என்று தயங்கியவர்களும் உண்டு. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் தம் மக்களுக்காகத் தாமே எழுப்பிய குரலை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வதும் பிழை. எனினும் ஒன்று உறுதி. நாளைய உணவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற நற்செய்தியைப் படியாளிடம் சொல்லப்போனவர், அந்த உணவு விளையும் நிலத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறிப்போனது. கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994-இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். நிலத்தைப் பற்றிய அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நிலமும் கூலியும் சட்டமும்தான் ஏழைக்கு விடிவு என்றால் கடவுள் எதற்கு, விசுவாசம் அவனை மயக்கி வைக்கும் மருந்துதானே என்று பகுத்தறிவாளர் கேட்பார். பெரியார் மண்ணில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மதம் பல சமயங்களில் அந்த மருந்தாகவே இருந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பலன் உறுதியில்லாத போராட்டத்தில் பல்லாண்டு நிற்பவருக்கு ஊன்றுகோல் ஒன்று தேவைப்படுகிறது. எல்லாம் என் தோள்மேல்தான் என்று நினைப்பவர் சீக்கிரம் உடைந்துபோகிறார், அல்லது கசந்துபோகிறார். இறுதி முடிவு தன் கையில் இல்லை என்று அறிந்தவரால் இன்றைய பங்கைச் செய்துவிட்டு இரவில் உறங்க முடிகிறது, மறுநாள் மீண்டும் எழ முடிகிறது. மயக்கும் நம்பிக்கைக்கும் தாங்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை அதன் கனிகளைக் கொண்டு அறியலாம்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். உதவி தேடுவதும் மருத்துவரிடம் போவதும் விசுவாசக் குறைவு, உண்மையாக நம்பினால் கடன் தீரும், நோய் தீரும் என்று மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் போதிக்கிறார்கள். இதற்குத் தோனாவூர் விடை சொல்லும். எமி கார்மைக்கேல் பணத்துக்காக மனிதரிடம் கையேந்துவதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்ற உறுதியோடு அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர். விசுவாசத்தில் அவரைக் குறை சொல்ல யாராலும் இயலாது. அவரும் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அவருக்குச் சுகம் கிடைக்காததற்கு விசுவாசக் குறைவா காரணம்? ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், பெண்கள் மருத்துவமின்றிச் சாவதைப் பார்த்து ஜெபித்தார். ஜெபித்தபின் மருத்துவம் படித்தார். வேலூர் மருத்துவமனையும் 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் அந்த ஜெபத்தின் தொடர்ச்சி. ஆகவே மனக்கலக்கம் நோயாக முற்றியவரை உபவாசக் கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப் போவது தவறு. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது என்று சொல்ல வேண்டியதும் போதகரின் ஊழியத்தில் சேரும்.

கவலைக்கு ஒரு கூட்டாளி உண்டு, அது கவனச்சிதறல். விதைப்பவன் உவமையில், உலகக் கவலையையும் செல்வத்தின் மயக்கத்தையும் வசனத்தை நெருக்கும் முட்களாக இயேசு ஒன்றாகவே வைத்துப் பேசுகிறார். அது எவ்வளவு நுட்பமான பார்வை என்பது விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர் கையிலுள்ள போனைப் பார்த்தால் புரியும். முதலில் சபை வாட்ஸ்அப் குழுவில் இன்றைய வாக்குத்தத்தம், பூ படத்தோடு. அடுத்து கடன் செயலியின் நினைவூட்டல். அதைப் பார்த்த படபடப்பு அடங்க விரல் ரீல்ஸுக்குத் தாவுகிறது. அங்கே யாரோ வாங்கிய புதுக் கார். பஸ் வருவதற்குள் வாக்குத்தத்தம் மறந்துபோயிற்று. கவலையும் ஆசையும் மட்டும் ஏறி உட்கார்கின்றன. அந்தப் போனில்தானே வேதாகமமும் பிரசங்கமும் கிடைக்கின்றன என்பார்கள். உண்மைதான், தொலைவில் வேலை செய்பவருக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் அது பெரிய உதவி. ஆனால் நம்பிக்கை வேர்விட நேரமும் அமைதியும் முகம் பார்த்துப் பேச ஒரு மனிதரும் வேண்டும். ஒரு நொடியில் தள்ளிவிடும் வசனம் அத்தனையையும் தராது. வசனத்தைப் பகிர்ந்துவிட்டதாலேயே ஆளை விசாரித்துவிட்டதாக நமக்குள் ஒரு திருப்தி பிறக்கிறதே, அதுதான் இதில் பெரிய ஆபத்து.

சபைகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காணிக்கையில் ஒரு பங்கை அவசரத் தேவைக்கான பொது நிதியாக ஒதுக்கி, அதன் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கலாம். வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. மிரட்டலுக்கு ஆளாகும் குடும்பத்தோடு காவல் நிலையம்வரை நடந்துபோகச் சபையில் இருவர் முன்வரலாம். ஊரிலுள்ள பஞ்சமி நிலங்களின் ஆவணங்களைப் படித்துச் சொல்லப் படித்த பிள்ளைகளைப் பழக்கலாம். வாரத்தில் ஒரு மாலை போன்களை ஓரமாக வைத்துவிட்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, வீட்டார் பேசுவதைக் கேட்கலாம். கேட்டபின் ஜெபிக்கலாம், அந்த ஜெபத்துக்கு அப்போது கனம் இருக்கும். இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. பக்கத்து வீட்டாரின் பாரத்தைத் தன் பாரமாக எண்ணும் மனம் போதும்.

கடவுள் நம்மைக் கைவிடமாட்டார் என்று அறிக்கையிடும் சபை, தன் நடுவில் இருப்பவரைத் தானும் கைவிடக் கூடாது. கடனில் தவிக்கும் ஒரு குடும்பம் கடவுளின் அக்கறையைப் பெரும்பாலும் மனிதர் வழியாகவே அறிகிறது. அந்த மனிதர் வராவிட்டால் நாம் அனுப்பிய வசனம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அவர்கள் காதில் வெறும் சொல்லாகவே விழும். எனவே அடுத்த முறை யாரிடமாவது கவலைப்படாதீர்கள் என்று சொல்லுமுன், அவர்கள் கவலை என்ன என்று கேளுங்கள். கேட்டபின் உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.