விட்டுவிட்ட மீன்



பள்ளி விடுமுறை முடிந்ததும் மாணவர்களை விடுமுறை அனுபவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தந்தையோடு ஈயக் குட்டையில் தூண்டில் போட்டதை எழுதியிருந்தான். பெரிய பீக்காக் பாஸ் மீன் சிக்கியதாம். படம் எடுத்துக்கொண்டபின் தந்தையார் அதனை நீரிலேயே விட்டுவிட்டாராம். 'என் அப்பா இரக்கம் உள்ளவர்' என்று முடித்திருந்தான். நானும் மகிழ்ந்துபோய்ச் சிவப்பு மையால் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு சொற்களைத் திரும்பப் பெறவே இதனை எழுதுகிறேன்.

பீக்காக் பாஸ் நம் நாட்டு மீன் அன்று. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆறுகளுக்கு உரியது. அது தானாக நீந்திக் கடல் கடந்து வரவில்லை. தூண்டிலில் முரட்டுத்தனமாகப் போராடும் என்பதற்காகவும், தொட்டியில் அழகாக இருக்கும் என்பதற்காகவும் மனிதர்கள் கொண்டுவந்தார்கள். பின்னர் குட்டைகளில் விட்டார்கள். பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் பழைய ஈயக் குட்டைகளிலும் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களிலும் இன்று அது தானே பெருகி வாழ்கிறது. பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் அது. குஞ்சுகளைத் தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் காக்கும். நல்ல பெற்றோர்தாம்! அதனால்தான் அவ்வளவு விரைவாகப் பெருகுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்போர் பனாமா நாட்டின் காதுன் ஏரியைப் பார்க்கட்டும். 1967ஆம் ஆண்டில் இம்மீன் ஒரு வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பி, ஆற்றின் வழியே அந்த ஏரிக்குள் புகுந்தது. சில ஆண்டுகளிலேயே, அங்கு மிகுதியாக வாழ்ந்த எட்டு மீனினங்களுள் ஆறு மறைந்தன. சாரெட், பெய்ன் என்னும் ஆய்வாளர்கள் 1973இல் இதனை ஆய்விதழில் வெளியிட்டனர். சிறுமீன்களை உண்டு வாழ்ந்த நீர்ப்பறவைகளும் குறைந்தன. கொசுப்புழுக்களைத் தின்ற மீன்கள் போனதால் மலேரியாக் கொசு பெருகியிருக்கக்கூடும் என்றும் அவர்கள் ஐயுற்றனர். கொஞ்ச காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பார்க்கும் விடை உண்டு. 45 ஆண்டுகள் கழித்து அதே ஏரியை மீண்டும் ஆராய்ந்தவர்கள், பழைய மீனினங்கள் மீளவில்லை என்று 2017இல் எழுதினார்கள்.

தூண்டில் நண்பர்கள் சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. 'ஈயக் குட்டை மனிதன் தோண்டியதுதானே, அங்கே எந்த இயற்கை கெடப்போகிறது?' என்பார்கள். மழைக்காலத்தில் குட்டை நிறைந்து வழிந்தால் அந்த நீர் எங்கே போகிறது? ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆற்றுக்கு. மீனுக்கு வேலி போட்டவர் யாருமில்லை. 'தோமான் மட்டும் சைவமா?' என்று ஒருவர் கேட்டார். கேள்வி நன்றாகத்தான் இருந்தது; நானும் சிரித்துவிட்டேன். ஆனால் தோமான் இம்மண்ணின் மீன். நம் செபாட்டும் புயுவும் அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து, தப்பிக்கும் வழிகளை அறிந்தவை. நேற்று வந்த வேட்டைக்காரனிடம் அந்தப் பழக்கம் அவற்றுக்கு எப்படிக் கைகொடுக்கும்?

பிடித்ததை மீண்டும் விடுவது நல்ல அறந்தான், மறுக்கவில்லை. அருகிவரும் கெலா மீனைப் பிடித்தவர் அதனை ஆற்றிலேயே விட்டால் எழுந்து நின்று கைதட்டுவேன். அதே அறத்தைப் பீக்காக் பாஸுக்கும் நீட்டும்போதுதான் கோளாறு. ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம், அது நாளும் விழுங்கும் குஞ்சு மீன்களின் கணக்கில் ஏறுகிறது. உள்ளதைச் சொன்னால், அங்கே பெரும்பாலும் இரக்கமும் இல்லை. அடுத்த வாரம் வந்து அதே மீனோடு மல்லுக்கட்டும் ஆசைதான் உள்ளது! அதற்கு அருள் என்று பெயர் சூட்டி, கொல்லாமை அதிகாரத்தையும் துணைக்கு அழைக்கிறோம். வள்ளுவர் பாவம்.

ஆசிரியர்களாகிய நாமும் தப்பவில்லை. ஆண்டு இறுதியில் வகுப்புத் தொட்டி மீன்களை என்ன செய்கிறோம்? 'ஆற்றில் விட்டுவிடலாம் ஐயா' என்று பிள்ளைகள் சொன்னால் தலையாட்டுகிறோம். தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கப்பட்ட இக்கான் பண்டாராயா இப்படித்தான் வெளியேறி, இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் நிறைந்து கிடக்கிறது. அதனைப் பிடித்து அழிக்க மீன்வளத் துறை போட்டிகளே நடத்த வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் இசைவின்றி விலங்குகளை வெளியில் விடுவது குற்றம். தொட்டி மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், வளர்க்க விரும்பும் வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆற்றுக்கு மட்டும் வேண்டாம்.

'அப்படியானால் பிள்ளையின் கண்முன்னே மீனைக் கொல்லச் சொல்கிறீர்களா ஐயா?' என்று ஒரு தந்தையார் வருத்தத்தோடு கேட்டார். ஆம், அந்த மீனைப் பொறுத்தவரை அதைத்தான் சொல்கிறேன். விரைவாக, துன்புறுத்தாமல் கொல்லுங்கள். ஏன் என்பதைப் பிள்ளைக்கு விளக்குங்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள். வெண்மையான சதை, நன்றாகவே இருக்கும்.