மீன் குஞ்சுக்கும் வழி சொல்ல ஆள் வேண்டும்!

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்கணுமா?" என்று ஒரு பழமொழியை எடுத்துவிட்டால் போதும், விவாதமே முடிந்துவிடும். நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டாம்தான். ஆனால் இரை எங்கே கிடைக்கும் என்பது? அதுவும் பிறப்பிலேயே வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாக்குறைக்கு, மீனுக்கு ஞாபகம் மூன்றே விநாடிதான் என்று ஒரு கதை வேறு.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் கப்பி மீனையே எடுத்துக்கொள்வோம். 1997ல் கெவின் லேலண்டும் கெர்ரி வில்லியம்ஸும் சில கப்பிகளுக்குத் தீனி இருக்கும் இடத்துக்கு வழி பழக்கினார்கள். வழி தெரியாத மீன்கள் அவற்றின் கூடவே போய்ப் போய்க் கற்றுக்கொண்டன. பழகிய மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புது மீன்களை விட்டார்கள். கடைசியில் முதலில் பழகிய மீன் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கூட்டம் அதே வழியையே அதிகம் நாடியது! மூன்று விநாடி ஞாபகத்தில் இதெல்லாம் நடக்குமா?

"இது சும்மா கூட்டத்தோடு ஓடுவது, இதில் என்ன அறிவு?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 2003ல் வெளியான இன்னொரு சோதனை. ஒன்பது முள் ஸ்டிக்கிள்பேக் என்ற சின்ன மீன், தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தபடி இரண்டு இடங்களில் மற்ற மீன்கள் தின்பதைப் பார்த்தது. பிறகு அந்த மீன்களை எல்லாம் அகற்றிவிட்டு இதைத் திறந்துவிட்டால், எங்கே அதிகம் இரை கிடைத்ததோ அங்கேதான் பெரும்பாலும் போனது. பின்தொடர ஒரு மீன்கூட அப்போது இல்லை. அதன் சொந்தக்கார மீனான மூன்று முள் ஸ்டிக்கிள்பேக்குக்கோ இது வரவில்லை. அதற்கு உடம்பில் கவசம் பலம், துணிந்து போய்த் தேடலாம். கவசம் மெலிந்தது ஒளிந்திருந்து பார்த்துக் கற்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

தொட்டியில் மட்டும்தானா என்றால், இல்லை. கரீபியன் கடலில் கிரண்ட் மீன்கள் பகலில் பவளப்பாறையில் தங்கி, அந்தி சாயும்போது கடற்புல் வெளிக்கு மேயப் போகும். 1984ல் ஹெல்ஃப்மேனும் ஷுல்ட்ஸும் சில இளம் கிரண்ட்களை வேறு பாறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்த மீன்களோடு போய்வர வாய்ப்புக் கிடைத்தவை, அந்த மீன்களை அகற்றிய பிறகும் அதே தடத்தில் போயின. வாய்ப்புக் கிடைக்காதவை போகவில்லை.

இதில் நமக்கு என்ன நஷ்டம்? இருக்கிறது. மீன்பிடித் தொழில் டன் கணக்கைத்தான் பார்க்கிறது. பெரிய மீனைப் பிடித்துவிட்டு, பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டால் கணக்குச் சரியாகிவிடுமாம்! எண்ணிக்கை சரியாகலாம், அனுபவம் திரும்பி வருமா? நார்வே கரையோர ஹெர்ரிங் மீன்களைப் பற்றி 2025ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மூத்த மீன்களை அதிகம் பிடித்ததால் இளசுகளுக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போனது என்கிறது. விளைவு, முட்டையிடும் முக்கிய இடமே சுமார் 800 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டது. இது இரை தேடும் பாதை இல்லைதான். ஆனால் கற்றுக் கொடுக்கும் தலைமுறையை வலையில் அள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எத்தனை மீன் மிச்சம் என்று மட்டும் கேட்டால் போதாது. வயதான மீன் எத்தனை மிச்சம் என்று கேட்காத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் அரைகுறைதான்.