நிகழ்பட ஆட்டங்களில் வட்டாரப் பூட்டு

வட்டாரப் பூட்டு என்பது ஒரு நிகழ்பட ஆட்டத்தையோ செயலியையோ குறிப்பிட்ட நாட்டில் அல்லது மாநிலத்தில் வாங்கவோ, பதிவிறக்கவோ, இயக்கவோ முடியாதவாறு தடுக்கும் முறை ஆகும். இது எண்ணிம உரிமை மேலாண்மையுடன் இணைத்துப் பார்க்கப்படுகிறது. விலை வேறுபாடு, விநியோக ஒப்பந்தங்கள், அரசுகளின் தடைகள் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்கள்.

செயற்படும் முறை

வட்டுகளின் காலத்தில் பூட்டு வட்டிலேயே இருந்தது. டிவிடி வட்டுகளுக்காக உலகம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டபோது இந்தியா ஐந்தாம் வட்டாரத்தில் சேர்க்கப்பட்டது. பதிவிறக்கத் தளங்களிலோ பூட்டு பயனரின் கணக்கில் உள்ளது. ஐ.பி. முகவரி, பணம் செலுத்தும் அட்டையின் நாடு, கைப்பேசியின் இடங்காட்டி ஆகியவற்றைக் கொண்டு பயனரின் இடம் கணிக்கப்படுகிறது.

ஸ்டீம் தளம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. விலை குறைவான நாட்டில் வாங்குவதற்காக வசிப்பிடத்தை மறைப்பதை அதன் பயனர் ஒப்பந்தம் தடை செய்கிறது. மீறுவோரின் கணக்கு முடக்கப்படலாம்.

நாட்டளவிலான தடை

2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு, தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின் கீழ், பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. அக்டோபர் 30 அன்று அதன் வழங்கிகள் இந்தியப் பயனர்களுக்கு நிறுத்தப்பட்டன. கைப்பேசியில் ஆட்டம் இருந்தும் அதை இயக்க இயலவில்லை. 2021 சூலை 2 அன்று இந்தியாவுக்கெனத் தனி ஆட்டம் வெளியானது. அதுவும் 2022 சூலையில் பதிவிறக்கத் தளங்களில் இருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது.

மாநில எல்லையில் பூட்டு

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் நிகழ்பட ஆட்டங்களினின்று வேறானவை. எனினும் அவற்றைத் தடுக்கப் பயன்படுவது இதே நுட்பமாகும். கெலமங்கலம், ஓசூர் ஆகியன அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் கர்நாடகம் தடை விதித்தது. ஆகவே ஓசூரில் தடையில்லாத ஆட்டம், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்திப்பள்ளியில் தடைக்குள்ளானது. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடைப் பிரிவுகளை நீக்கியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் புதிய சட்டம் வந்தபோது நிலை தலைகீழானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அச்சட்டத்தின் தடை ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு நாடு முழுமைக்கும் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

எல்லையில் வாழ்ந்து மறுபக்கம் வேலைக்குச் செல்வோருக்குச் சட்டம் ஒரே நாளில் இருமுறை மாறியது. மேலும், ஐ.பி. முகவரி பெரும்பாலும் வலையமைப்பின் நுழைவாயில் அமைந்த ஊரையே காட்டுவதால், ஓசூரில் உள்ளவர் பெங்களூருவில் இருப்பவராகக் கணிக்கப்படக்கூடும். துல்லியம் வேண்டுமெனில் இடங்காட்டியை இயக்க வேண்டும்; அதற்கு விலை பயனரின் அந்தரங்கம்.

சட்டநிலை

2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவின்படி, தொழினுட்பப் பூட்டை உடைப்பது பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்தாலே குற்றமாகும். இதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் தண்டமும் விதிக்கப்படலாம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் கடுமையானது. ஆயினும் நடைமுறையில் பயனரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நீதிமன்றம் அன்று. கணக்கை முடக்கும் அதிகாரம் கொண்ட ஒப்பந்தமே ஆகும்.

திறனாய்வு

பதிவிறக்கத் தளங்களில் பயனர் பெறுவது பொதுவாக உடைமை அன்று, உரிமம் மட்டுமே. இதை வாங்குமுன் தெளிவாக அறிவிக்குமாறு கலிபோர்னியா இயற்றிய சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மாறாக, 2008இல் தொடங்கப்பட்ட ஜி.ஓ.ஜி. தளம் பூட்டற்ற ஆட்டங்களை விற்கிறது. அங்கு பதிவிறக்கிய நிறுவற் கோப்பைப் பயனர் தம்மிடமே சேமித்து வைக்கலாம். தளம் மூடப்பட்டாலும் அது பயன்படும்.