மூக்குக்கு ஏற்ற சோறு!

தென் அமெரிக்கக் காடுகளில் "டூக்கன்" என்று ஒரு பறவை உண்டு. 40-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரிய இனத்துக்கு மூக்கு மட்டும் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம்!

பாரமாக இருக்காதா? இருக்காது. உள்ளே கடற்பஞ்சு போல இலேசானது. வெயில் ஏறினால், உடல் சூட்டை அந்த மூக்கு வழியாகவே வெளியேற்றுகிறது. விஞ்ஞானிகள் இதை 2009-ல் கண்டுபிடித்தார்கள்.

டூக்கனைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டும். ஆனால் அதிசய மூக்குகளைப் பார்க்க ராமநாதபுரம் போனால் போதும்!

தலைகீழாகச் சாப்பாடு

தனுஷ்கோடிக்குப் பனிக் காலத்தில் பூநாரைகள் வருகின்றன. வளைந்த மூக்கைத் தண்ணீரில் தலைகீழாக வைத்து, சேற்று நீரைச் சல்லடை போல வடிகட்டுகின்றன. சிக்குகிற சிறு இறால்களும் பாசியும்தான் உணவு. அவற்றில் உள்ள நிறச்சத்தால்தான் இறகு சிவக்கிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான்!

கண்மாய்களில் வேறு கூட்டம். கூழைக்கடா, மூக்கின் அடியில் உள்ள பையால் மீனைத் தண்ணீரோடு அள்ளும். கரண்டிவாயன், மூக்கை இரு பக்கமும் வீசித் துழாவும். மஞ்சள் மூக்கு நாரை, மூக்கைப் பாதி திறந்தபடி தண்ணீரில் வைத்து இருக்கும். மீன் பட்டதும் "டக்" என்று மூடிவிடும்!

அறிவிப்பு வந்தது, தண்ணீர்?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-ல் சரணாலயம் ஆயின. "ராம்சார்" என்ற உலகப் பட்டியலிலும் சேர்ந்ததாக 2022-ல் அறிவிப்பு வந்தது. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025-ல் சேர்ந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம், தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.

நல்ல காரியம். ஆனால் பறவைக்கு அரசாங்க உத்தரவு படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால் கூடு கட்டும். வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால், மழை பெய்தும் கண்மாய் நிறையாது. விவசாயிக்கும் அதே கதிதான்! ஆகவே வரத்துக்கால் வெட்டுவது இருவருக்கும் செய்கிற உதவி. கண்மாய்க்குள் இருக்கும் கருவேல மரத்தை மட்டும் கூடு கட்டும் காலத்தில் தொடக் கூடாது.

தனுஷ்கோடியில் பிரச்சினை வேறு. அங்கே ஆபத்து, வேடிக்கை பார்க்க வரும் நாம்தான். படம் எடுக்கக் கிட்டே போனால் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். இரை தேடும் நேரம் வீணாகும். தொலைவில் நின்று பார்த்தாலே போதும். இளஞ்சிவப்புக் கோடு போல, கரை ஓரம் நன்றாகவே தெரியும்.