செல்ஃப் எடுக்காத பழைய கார்: பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் எர்த்தைப் பாருங்கள்!

ராத்திரி பதினொரு மணி. வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி. குடியாத்தத்திலிருந்து வேலூர் சி.எம்.சி-க்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வாசலில் நிற்கும் பழைய மாருதி 800-ல் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் 108-ஐ அழைப்பதுதான் சரி. ஆனால், அந்த 'டிக்' பல வாரங்களாகவே அறிகுறி காட்டியிருக்கும். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்திருக்கும். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கியிருக்கும்.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதாவது, இன்று ஓடும் எந்த 800-ம் பத்து வயதைத் தாண்டியதுதான். இன்ஜினை எந்த ஊர் ஷெட்டிலும் சரி செய்துவிடலாம். படுத்துவது வயரிங்தான். எதற்கெடுத்தாலும் பழி விழுவது என்னவோ பேட்டரி மேல்!

உண்மையிலேயே பேட்டரிதான் பிரச்னையா என்று தெரிந்துகொள்ள, சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜில் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12.5-லேயே நின்றால், நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் 'டைனமோ' என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியோ, டெர்மினலோ பலவீனம். வெளிச்சம் குறையாமல் 'டிக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

பேட்டரியும் நன்றாக இருக்கிறது, சார்ஜும் ஏறுகிறது, இருந்தும் செல்ஃப் இழுக்கிறதா? அப்போதுதான் எர்த்தைப் பார்க்க வேண்டும். காரில் நெகட்டிவ் கரன்ட் திரும்பி வரும் பாதை வண்டியின் உடம்புதான். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் கேபிளின் முனையில் துரு பிடித்தால், பாதை குறுகிவிடும். செல்ஃப் மோட்டார் சுற்ற 100 ஆம்பியர் வரை இழுக்கும். முனையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கே 2 வோல்ட் காணாமல் போய்விடும். மீட்டரின் ஒரு முள்ளை இன்ஜின் உலோகத்திலும், இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி சிக்கிவிட்டார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினால் போதும். செலவு? உப்புத்தாள் விலைதான்.

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். சொட்டும் உப்புத் தண்ணீர் இந்த முனைகளைச் சீக்கிரமே அரித்துவிடும். 2021 நவம்பரில் கவுண்டன்ய மகாநதி வெள்ளம் குடியாத்தத்துக்குள் புகுந்தது போன்ற சமயங்களில் நனைந்த வண்டிகளும் அப்படித்தான். தண்ணீர் வடிந்ததும் வண்டி ஓடும். கனெக்டருக்குள் பச்சை பூப்பதோ மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். பழைய காரை வாங்கப் போகிறவர்கள், டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டரையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது.

டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்து, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால், ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் வாஸ்லைன் தடவலாம்.

மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது என்றால், எங்கேயோ கரன்ட் கசிகிறது. 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தாலே, 35 ஏஹெச் பேட்டரி மூன்றரை நாளில் காலி. டிக்கி லைட்டும், பிறகு வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டமும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

பழைய பிரிட்டிஷ் கார்களில் லைட் அடிக்கடி போவதால், எலக்ட்ரிக்கல் பாகங்கள் செய்த ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று அங்கே கிண்டலடிப்பார்கள். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ் பெயரில் இருப்பதும் அதே லூகாஸ்தான். கிண்டல் இருக்கட்டும். நம் ஊர்க் கார்களில் இருட்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் நாமே சேர்த்த வேலைதான். ரிலே இல்லாமல் மாட்டிய ஃபாக் லைட், டேப் சுற்றிய ஒட்டு வயர், எல்லாவற்றையும்விட மோசம், ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாள். ஃபியூஸ் போகிறது என்றால், எங்கோ வயர் உரசுகிறது, அல்லது தாங்கும் அளவைவிட அதிகமாகக் கரன்ட் இழுக்கிறது. ஈயத்தாள் உருகாது, வயர்தான் சூடாகி எரியும், அதுவும் டாஷ்போர்டுக்குள். சிவப்பு ஃபியூஸ் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு போன இடத்தில் சிவப்புதான் வர வேண்டும். அதுவும் மறுபடி போனால், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயரிங்கில் புகை வாடை வந்தால் முதல் வேலை, நெகட்டிவைக் கழற்றுவது. அதற்கான 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கட்டும்.